14 பேர் ஆபீஸுக்கு மெயில், ஒன்டிரைவ் பேக்கப்: எது பேக்கப், எது இல்லை?

அம்பத்தூர்_லேத்

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஜாப் ஒர்க் யூனிட், பிரைவேட் லிமிடெட். ஆபீஸில் 14 பேருக்கு மைக்ரோசாஃப்ட் 365 இருக்கு: 9 பேருக்கு பிசினஸ் பேசிக், 5 பேருக்கு பிசினஸ் ஸ்டாண்டர்டு. மெயில் எல்லாம் சேர்த்து சுமார் 180 ஜிபி. ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட் (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் ஃபைல் சேமிப்பு) இரண்டிலும் 420 ஜிபி இருக்கும். டிராயிங், கொட்டேஷன், இன்வாய்ஸ் பிடிஎஃப், டெஸ்ட் சர்டிஃபிகேட்டுதான் பெரும்பகுதி. நெட் 100 எம்பிபிஎஸ் ஃபைபர்.

இப்போதைக்கு நடக்கிறது இவ்வளவுதான்: அக்கவுன்ட்ஸ் கணினியில் ஒன்டிரைவ் சிங்க் ஆகுது. மாசத்துக்கு ஒரு தடவை அந்த ஃபோல்டரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டு அதே மேஜை டிராயரில் வைக்கிறோம். டேலி டேட்டா ஃபோல்டரும் ஒன்டிரைவுக்குள்ளேயே இருக்கு.

முதலாளி கேட்கிறது: "எல்லாம் மைக்ரோசாஃப்ட்கிட்டதானே இருக்கு, தனியா எதுக்கு?" அவருக்குப் புரியுற மாதிரி பதில் வேணும். ஒரே தடவை 60, 70 ஆயிரம் செலவழிக்கச் சம்மதிப்பார், மாசாமாசம் பெரிய தொகைன்னா மாட்டார். இன்னொரு விஷயம், வேலையை விட்டுப் போன சேல்ஸ்காரரோட லைசென்ஸ் இன்னும் ஓடிட்டிருக்கு. மெயில் போயிடும்னு பயந்து நிறுத்தாம வெச்சிருக்கோம். அதை என்ன பண்றது?


பிஎஸ்டி_பாலு

பெரிசா யோசிக்க வேண்டாம் சார். அவுட்லுக்கில் மாசம் ஒரு தடவை பிஎஸ்டி (மெயிலை எல்லாம் ஒரே ஃபைலா கட்டி வைக்கிறது) எக்ஸ்போர்ட் எடுத்து டிஸ்க்கில் போட்டு வைங்க. காசு செலவில்லை.


கிண்டி_சிஸ்டம்ஸ்

பாலு சார் சொன்னதுக்கு முதலில் பதில் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய ஆபீஸில் இதை நம்பித்தான் இருக்காங்க. பிசினஸ் பேசிக்கில் கிளாசிக் அவுட்லுக் கிடையாது. அதனால் அந்த 9 பேருக்கு இந்த வழியே இல்லை. மீதி 5 பேருக்கும் அவுட்லுக் எல்லா மெயிலையும் கணினிக்குள் இறக்கி வைக்கிறதில்லை. ஆஃப்லைனில் எவ்வளவு காலம் வைக்கணும்ங்கிற செட்டிங் பெரும்பாலும் 1 வருஷத்தில் நிற்கும். அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணினா பழைய மெயில் இல்லாத பிஎஸ்டிதான் கிடைக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி அந்த ஸ்லைடரை "ஆல்" வரைக்கும் இழுத்து, முழுசா இறங்கும்வரை காத்திருக்கணும். பிஎஸ்டிக்கு அவுட்லுக் வைக்கிற வரம்பு 50 ஜிபி. அந்த ஃபைலை நெட்வொர்க் ஷேரில் வெச்சுத் திறந்தா கெட்டுப்போகலாம், மைக்ரோசாஃப்ட்டே அதை ஆதரிக்கிறதில்லை. எல்லாத்துக்கும் மேல, ஒரு ஆள் உட்கார்ந்து கையால் செய்ய வேண்டிய வேலை இது. மார்ச் கடைசியில் அக்கவுன்ட்ஸில் யாருக்கும் நேரம் இருக்காது, அந்த மாசம் பேக்கப் இருக்காது.

இப்போ முதலாளிக்கான பதில். மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் எரிஞ்சா உங்க டேட்டா போகாம பார்த்துக்கும். உங்க ஆளே அழிச்சா, உங்க அட்மின் பாஸ்வேர்டு திருடன் கையில் போனா, ஒரு கெடுவரைக்கும்தான் காப்பாத்தும். அந்தக் கெடுக்களை அவர்கிட்ட எண்ணாவே காட்டுங்க. டெலீட்டட் ஐட்டம்ஸிலிருந்தும் அழிச்ச மெயில் 14 நாள்தான் மீட்கக் கிடைக்கும், அதை 30 நாளாக்கலாம், அதுக்கு மேல முடியாது. அழிச்ச யூசரோட மெயில்பாக்ஸுக்கு 30 நாள். ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட்டில் அழிச்ச ஃபைலுக்கு இரண்டு நிலை ரீசைக்கிள் பின்னும் சேர்த்து 93 நாள். ஒன்டிரைவை மொத்தமா பழைய தேதிக்குத் திருப்புற வசதிக்கு 30 நாள்.

உங்க தொழிலில் கஸ்டமர் ஒரு பழைய டிராயிங் ரிவிஷனைக் கேட்கிறது ஆறு மாசம் கழிச்சுத்தான். அப்போதான் "அந்த ஃபோல்டரே காணோமே"ன்னு தெரியவரும். 93 நாள் எப்பவோ முடிஞ்சிருக்கும். அதோட, இரண்டாம் நிலை ரீசைக்கிள் பின்னை அட்மின் நினைச்சா ஒரு நிமிஷத்தில் காலி பண்ணலாம். அட்மின் அக்கவுன்ட்டைப் பிடிச்சவனுக்கும் அதே உரிமை உண்டு. என்னைப் பொறுத்தவரை இதுதான் அளவுகோல்: ஒரே பாஸ்வேர்டை வெச்சு அசலையும் நகலையும் அழிக்க முடிஞ்சா அது பேக்கப் இல்லை.

சிங்க் இந்த அளவுகோலில் முதல்லயே அடிபட்டுப் போகுது. மேலே அழிச்சா கீழேயும் அழியும், கீழே ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ்) பூட்டினா மேலேயும் பூட்டின ஃபைலே ஏறும். நீங்க டிஸ்க்கில் காப்பி போடுறதிலும் ஒரு ஓட்டை இருக்கு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகம் அடையாளம் போட்ட ஃபைல் எதுவும் கணினியில் உண்மையில் இல்லை, பேர் மட்டும்தான் இருக்கு. காப்பி போடும்போது ஒவ்வொன்றா இறங்கும். நடுவில் நெட் போனா அந்த ஃபைல்கள் விட்டுப்போகும், சில பேக்கப் சாஃப்ட்வேர் அவற்றைத் தொடாமலே தாண்டிடும். இப்பவே டிஸ்க்கைச் செருகி, ஃபோல்டரோட மொத்த அளவை ஷேர்பாயின்ட் காட்டுற அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. அந்தக் கணினியில் லாகின் ஆகியிருக்கிற ஒருத்தரோட ஒன்டிரைவ் மட்டும்தான் உள்ளே இருக்கும்னு நினைக்கிறேன். மீதி 13 பேரோடது எதிலும் இல்லை.

உங்க பட்ஜெட்டுக்கு நான் சொல்றது இரண்டு பே (டிஸ்க் செருகுற இடம்) இருக்கிற சைனாலஜி நாஸ், அதாவது நெட்வொர்க்கில் இணைக்கிற டிஸ்க் பெட்டி. ஆக்டிவ் பேக்கப் ஃபார் மைக்ரோசாஃப்ட் 365 அதில் இலவசம், யூசர் கணக்குக்குக் காசு இல்லை. ஆனா எல்லா மாடலிலும் ஓடாது. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் கட்டாயம், அதனால் வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கான பேக்கேஜ் பட்டியலில் இது இருக்கான்னு பாருங்க. டிஸ்க் 4 டிபி இரண்டு, ஒன்றுக்கொன்று மிரர், அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா. 600 ஜிபிக்கு இது தாராளம், பழைய பதிப்புகளுக்கும் சில வருஷ வளர்ச்சிக்கும் இடம் வேணுமே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினா டிஸ்க் சிஎம்ஆர் வகையான்னு மாடல் நம்பரை வெச்சு உறுதிப்படுத்துங்க. எஸ்எம்ஆர் வகை டிஸ்க் ரெய்டில் (இப்படி மிரர் போட்ட டிஸ்க் தொகுப்பில்) ரீபில்டு ஆகும்போது இழுத்தடிக்கும். சீரியல் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டு இந்திய வாரன்டி இருக்கான்னு கடையிலேயே பார்த்துடுங்க, வீட்டுக்கு வந்த பிறகு பேசிப் பயனில்லை. யூபிஎஸ் வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா வாங்குங்க. கரன்ட் போய் பேட்டரி குறையும்போது நாஸ் தானா ஒழுங்கா மூடிக்கணும்னா அந்த வயர் வேணும். விலை குறைஞ்ச லோக்கல் யூபிஎஸ் பலதில் அது இருக்காது.

செட்டப் பண்ணும்போது ஒரு தடவை குளோபல் அட்மினா லாகின் பண்ணி அனுமதி கொடுக்கணும். அதுக்குப் பிறகு அந்த பாஸ்வேர்டை நாஸில் எங்கேயும் சேமிக்காதீங்க. நாஸோட அட்மின் பாஸ்வேர்டும் 365 அட்மின் பாஸ்வேர்டும் வேற வேறயா இருக்கணும், முடிஞ்சா வேற வேற ஆள்கிட்ட இருக்கணும். டாஸ்க்கில் 14 பேரையும், ஷேர்டு மெயில்பாக்ஸையும், ஷேர்பாயின்ட் சைட்டையும் டிக் பண்ணுங்க. ஷேர்பாயின்ட்டை மறக்கிறவங்க அதிகம், டீம்ஸில் போட்ட ஃபைல் எல்லாம் அங்கேதான் இருக்கு. புது ஆள் சேர்ந்தா தானா சேர்த்துக்கிற ஆப்ஷன் இருக்கு, அதையும் ஆன் பண்ணிடுங்க.

நாஸை வெளியிலிருந்து பார்க்க வசதியா இருக்கும்னு ரவுட்டரில் போர்ட் திறந்து விடாதீங்க. உங்க எல்லா மெயில்பாக்ஸையும் படிக்கிற அனுமதி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் ரான்சம்வேர் பூட்டினது இப்படி இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து வெச்சிருந்த க்யூநாப் நாஸ்களைத்தான்.

போன சேல்ஸ்காரர் விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் அவர் பாஸ்வேர்டை மாத்தி, எல்லா செஷனையும் வெளியேத்துங்க. அடுத்து லைசென்ஸ் இருக்கும்போதே மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸா மாத்துங்க, மேனேஜருக்கு அதில் அனுமதி கொடுங்க. 50 ஜிபிக்குள் இருந்தா அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. சைன்-இன் பிளாக் பண்ணுங்க. ஒன்டிரைவில் இருக்கிறதை ஷேர்பாயின்ட்டுக்கு நகர்த்துங்க. லைசென்ஸை எடுக்கிறது இதுக்கெல்லாம் பிறகுதான். யூசரை டெலீட் பண்ண வேண்டாம். ஒன்டிரைவை அப்படியே விட்டுடலாம்னு நினைக்காதீங்க: 2025 ஜனவரி 27 முதல் லைசென்ஸ் இல்லாத ஒன்டிரைவ் 60-ஆம் நாளில் படிக்க மட்டும்னு ஆகும், 93-ஆம் நாளில் ஆர்க்கைவுக்குப் போயிடும். திரும்ப எடுக்கக் காசு கட்டணும்.


தி.நகர்_ஆடிட்

கிண்டி சார் சொன்னவற்றோடு கணக்கு, சட்டம் சார்ந்த பகுதியை மட்டும் சேர்க்கிறேன்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளின் 3(5) உங்களுக்குப் பொருந்தும். மின்னணு வடிவில் உள்ள கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில், தினமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். முன்பு "அவ்வப்போது" என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் "தினமும்" என்று மாற்றினார்கள். மாதம் ஒருமுறை டிராயர் டிஸ்க் இதற்குப் போதாது. கம்பெனிச் சட்டம் 128(5)-இன்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம். உதாரணமாக 2023-24க்கான ஆண்டு ரிட்டர்ன் கெடு 2024 டிசம்பர் 31. ஆக அந்த ஆண்டின் ஆவணங்கள் 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் அது முடிந்த பிறகும் ஓராண்டு. இன்வாய்ஸும் பர்ச்சேஸ் ஆர்டரும் மெயில் இணைப்பாக மட்டுமே இருக்கும் அலுவலகங்களில் மெயில்பாக்ஸும் ஆவணக் கோப்புதான். பேக்கப் டாஸ்க்கில் "பழைய பதிப்புகளை எவ்வளவு நாள் வைப்பது" என்ற இடத்தில் இந்த ஆண்டுகளை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது டேலி. தயவுசெய்து டேலி டேட்டா ஃபோல்டரை இன்றே ஒன்டிரைவை விட்டு வெளியே எடுங்கள். ஒரு கம்பெனியின் டேட்டா பல சிறு ஃபைல்களாக இருக்கிறது, ஒரு வவுச்சர் போட்டாலே அவற்றில் சில சேர்ந்து மாறும். ஒன்டிரைவ் ஒவ்வொன்றையும் தனித்தனி நேரத்தில் மேலே ஏற்றும். மேலே இருக்கும் நகலில் ஒரு ஃபைல் 11 மணியுடையது, இன்னொன்று 11.05 உடையது என்று கலந்து கிடக்கும். மீட்கும்போது கம்பெனி திறக்காது, திறந்தாலும் கணக்கு உதைக்கும்.

சரியான முறை: எல்லோரும் கம்பெனியை மூடிய பிறகு டேலி பிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தி பேக்கப் எடுங்கள். தேதி போட்ட ஃபோல்டரில் வையுங்கள், முந்தைய நாளுடையதன் மேல் எழுத வேண்டாம். அந்த பேக்கப் ஃபோல்டரை நாஸுக்கும் ஒன்டிரைவுக்கும் அனுப்பலாம், அதில் ஆபத்தில்லை. ரீஸ்டோர் செய்து பார்க்கும்போது எச்சரிக்கை: நடப்பு டேட்டா இருக்கும் அதே பாதையில் ரீஸ்டோர் கொடுத்தால் அதே எண்ணுள்ள கம்பெனியின் மேல் எழுதிவிடும். புதிதாக ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதில் ரீஸ்டோர் செய்யுங்கள். டிரயல் பேலன்ஸ் மொத்தமும் கடைசி வவுச்சர் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.


மயிலை_டிசைன்

நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கணும். நாங்க 6 பேர், கூகுள் வொர்க்ஸ்பேஸ் பிசினஸ் ஸ்டார்ட்டர். டிரைவ் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் இழுத்துப் போட்டா போதுமா?


கிண்டி_சிஸ்டம்ஸ்

போதாதுங்க. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் எல்லாம் கணினியில் தெரியும்போது வெறும் இணைப்பு ஃபைல்தான், அளவைப் பாருங்க, சில கேபிகூட தாண்டாது. அதை டிஸ்க்கில் வெச்சா அக்கவுன்ட் போன அன்னிக்கு ஒன்னுமே திறக்காது. பிடிஎஃப், ஃபோட்டோ, வேர்டு ஃபைல் மாதிரி நீங்க ஏத்தினது மட்டும்தான் உண்மையான ஃபைலா வரும்.

டிரைவ் ஃபைலுக்கும் அழிச்ச யூசருக்கும் கெடு அங்கே இன்னும் குறைவு. ஜிமெயில், டிரைவ் இரண்டிலும் டிராஷில் 30 நாள், அது காலியானதும் அட்மின் மீட்க 25 நாள். அழிச்ச யூசரைத் திரும்பக் கொண்டுவர 20 நாள்தான். ஆள் போறப்போ டெலீட் பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி டிரைவ் உரிமையை வேற ஆளுக்கு மாத்துங்க. வேலை ஃபைலை எல்லாம் ஷேர்டு டிரைவில் வைக்கலாம், ஆனா ஸ்டார்ட்டர் பிளானில் அந்த வசதி இருக்கான்னு முதலில் பாருங்க.

6 பேருக்கு செலவில்லாத வழி இரண்டு டூல். மெயிலுக்கு "காட் யுவர் பேக்", டிரைவுக்கு "ஆர்குளோன்". ஆர்குளோனில் எக்ஸ்போர்ட் ஃபார்மட்டை டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்னு கொடுத்தா கூகுள் டாக்ஸை மாத்தி இறக்கும். கூகுளில் சொந்தமா ஒரு கிளையன்ட் ஐடி (டூல் கூகுளை அணுகுறதுக்கான அடையாளம்) உருவாக்கிக்குங்க. ஆர்குளோனோட பொது ஐடியை எல்லாரும் பயன்படுத்துறதால் தடங்கல் வரும். முக்கியமா "சிங்க்" கட்டளையை வெறுமனே போடாதீங்க, மேலே அழிஞ்சதைக் கீழேயும் அழிக்கும். "காப்பி" போடுங்க, இல்லேன்னா பேக்கப் டைரக்டரி ஆப்ஷனோட சிங்க் போடுங்க, அழிஞ்சதும் மாறினதும் தேதி ஃபோல்டரில் ஒதுங்கி நிற்கும். மெயிலை தண்டர்பேர்டு மாதிரி ஒரு மெயில் சாஃப்ட்வேரில் ஐமேப் வழியா இறக்கணும்னா ஒரு அக்கவுன்ட்டுக்கு நாளுக்கு 2,500 எம்பிதான் கூகுள் விடும். 20 ஜிபி மெயில்பாக்ஸுக்கு எட்டு நாள் ஆகும்.


அம்பத்தூர்_லேத்

ரொம்ப நன்றி சார். டேலி ஃபோல்டரை டி டிரைவுக்கு மாத்திட்டோம். டிஸ்க்கில் நீங்க சொன்ன மாதிரியே அக்கவுன்ட்ஸ் ஐடியோடது மட்டும்தான் இருக்கு. மூணு சந்தேகம். மைக்ரோசாஃப்ட்டே பேக்கப் சேவை விற்குதாமே, அது எப்படி? முதல் பேக்கப் ஓடும்போது பகலில் நெட் படுத்துடுமா? நாஸை எங்கே வைக்கிறது? ஆபீஸ் தரைத்தளம்.


கிண்டி_சிஸ்டம்ஸ்

மைக்ரோசாஃப்ட் 365 பேக்கப் நல்ல சேவைதான், மீட்கும் வேகம்தான் அதோட பெரிய பலம். கட்டணம் ஜிபிக்கு மாசம் 0.15 டாலர். உங்க 600 ஜிபிக்கு மாசம் 90 டாலர். பதிப்புகளை 1 வருஷம் வைக்கும், ஆடிட் சார் சொன்ன 8 வருஷத்துக்கு அது மட்டும் உதவாது. நகலும் மைக்ரோசாஃப்ட் எல்லைக்குள்ளேயேதான் இருக்கும். வீம்ங்கிற பேக்கப் சாஃப்ட்வேரோட கம்யூனிட்டி எடிஷன் இலவசம், ஆனா 10 பேர் வரைக்கும்தான், நீங்க 14.

நெட் கணக்கு: 100 எம்பிபிஎஸ் முழுசா கிடைச்சா 600 ஜிபி சுமார் 13, 14 மணி நேரம். ஆனா மைக்ரோசாஃப்ட் பக்கம் வேகத்தைக் கட்டுப்படுத்தும், அதனால் சில நாள் ஓடும்னு எதிர்பாருங்க. வெள்ளி சாயந்திரம் ஆரம்பிச்சு, முதலில் 3 மெயில்பாக்ஸ், அப்புறம் மீதி, கடைசியில் ஷேர்பாயின்ட்னு பிரிச்சு விடுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்தில் விட்டா 429 எரர் (கோரிக்கை அதிகம், பொறுன்னு சொல்ற பதில்) வரிசையா வரும், டூல் தானா காத்திருந்து மறுபடி முயலும், பயப்பட வேண்டாம். அப்புறம் தினமும் ராத்திரி மாறினது மட்டும்தான் இறங்கும்.

இன்னொன்று, எக்ஸ்சேஞ்ச் பவர்ஷெல்லில் (365 மெயிலுக்கான அட்மின் கட்டளைத் திரை) அழிச்ச மெயிலுக்கான 14 நாளை 30 ஆக்கிடுங்க, ஒரு வரி வேலை. புதுசா சேர்க்கிற மெயில்பாக்ஸ் மறுபடி 14-லதான் பிறக்கும், அதனால் ஆள் சேர்க்கிற செக்லிஸ்டில் இதையும் எழுதுங்க. நாஸ் அனுப்புற தோல்வி அறிவிப்பு 365 மெயிலுக்கு மட்டும் போகக் கூடாது. மெயில் முடங்கினா அறிவிப்பும் முடங்கும், வெளி ஐடி ஒன்றும் கொடுங்க. பேக்கப் டூலோட அனுமதிக்கான சான்றிதழோ சீக்ரெட்டோ ஒரு நாள் காலாவதி ஆகும், என்ட்ரா (மைக்ரோசாஃப்ட்டில் அக்கவுன்ட், அனுமதிகளை நிர்வகிக்கிற இடம்) பக்கத்தில் தேதியைப் பார்த்து காலண்டரில் குறிச்சு வைங்க. பேக்கப் சத்தமில்லாம நின்னுபோறதுக்கு அடிக்கடி இதுதான் காரணம்.


வேளச்சேரி_நெட்

தரைத்தளம்னு படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் இரண்டிலும் சென்னையில் தரைத்தள ஆபீஸ்களில் தண்ணி புகுந்தது எல்லாருக்கும் தெரியும், அம்பத்தூர் எஸ்டேட்டும் தப்பலை. நாஸ் மாடியில்தான் இருக்கணும். மாடி இல்லேன்னா சுவரில் தலை உயரத்துக்கு மேல ரேக் அடிச்சு வைங்க. யூபிஎஸ்ஸும் அதே உயரத்தில். ஜாப் ஒர்க் யூனிட்டில் இரும்புத் தூளும் கூலன்ட் ஆவியும் பறக்கும், அதனால் ஷாப் ஃப்ளோர் பக்கம் வேண்டாம், ஃபேன் வழியா உள்ளே இழுத்துக்கும்.

ஆனா எவ்வளவு உயரத்தில் வெச்சாலும் நாஸ் ஒரே கட்டடத்தில் இருக்கிற ஒரே நகல். இரண்டாவது நகல் சென்னைக்கு வெளியே வேணும். மும்பை ரீஜியனில் ஒரு எஸ்3 பக்கெட் (அமேசான் கிளவுட் சேமிப்பிடம்) திறந்து ஹைப்பர் பேக்கப்ங்கிற சைனாலஜி டூல் வழியா, என்கிரிப்ஷன் போட்டு அனுப்புங்க. இந்தியாவுக்குள் சர்வர்ங்கிற விதிக்கும் சரியா இருக்கும். என்கிரிப்ஷன் சாவி ஃபைலை நாஸிலேயே விட்டுடாதீங்க, நாஸ் போனா பக்கெட்டில் இருக்கிறது வெறும் குப்பை. பென் டிரைவில் ஒன்று, காகிதத்தில் அச்சடிச்ச பாஸ்வேர்டு ஒன்று, முதலாளி வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஏத்துறதுக்கு செலவு கம்மி, மொத்தமா இறக்கும்போது டேட்டா கட்டணம் உண்டு, அதைக் கணக்கில் வைங்க.

டிஎஸ்எம் (சைனாலஜி நாஸோட இயங்குதளம்) 7.2-லிருந்து ஆதரிக்கிற மாடல்களில் மாத்த முடியாத ஸ்னாப்ஷாட் (ஃபோல்டரோட அந்த நேரத்து நிலையைப் பதிஞ்சு வைக்கிறது) வசதி இருக்கு. பேக்கப் ஃபோல்டருக்கு தினம் ஒன்று, 14 நாள் பூட்டுன்னு வைங்க. நாஸ் அட்மினே நினைச்சாலும் அந்த 14 நாளுக்குள் அழிக்க முடியாது. கிண்டி சார் சொன்ன அளவுகோல் முழுசா நிறைவேறுறது இங்கேதான்.

ரீஸ்டோர் சோதனை மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ஒரு பழைய மெயிலை இணைப்போட மீட்டு இணைப்பைத் திறங்க. மூணு வாரத்துக்கு முந்தைய டிராயிங் பதிப்பு ஒன்றை மீட்டு கேட் (CAD) சாஃப்ட்வேரில் திறங்க. ஒரு முழு மெயில்பாக்ஸை எக்ஸ்போர்ட் எடுத்து வேற கணினியில் பாருங்க, எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க. 365-க்குத் திருப்பி ஏத்துறது இறக்கினதைவிட மெதுவாத்தான் நடக்கும், அந்த நேரம் தெரிஞ்சாத்தான் அவசரத்தில் யாருடைய மெயில்பாக்ஸை முதலில் ஏத்தணும்னு முடிவெடுக்கலாம்.

ரான்சம்வேர் மாதிரி சம்பவம் நடந்தா செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் உத்தரவுப்படி தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள் அவங்களுக்குத் தகவல் கொடுக்கணும். செர்ட்-இன்னுக்குத் தகவல் அனுப்புற மெயில் முகவரியையும் டொமைன் ரிஜிஸ்ட்ரார் லாகின், எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் ரெக்கார்டுகளோட (உங்க டொமைன் மெயில் ஒழுங்கா போய்வரத் தேவையான பதிவுகள்) நகலையும் ஒரே காகிதத்தில் எழுதி, அந்த பீரோவிலேயே வைங்க. டொமைன் ரென்யூவல் அறிவிப்பு அதே டொமைன் மெயிலுக்கு வர்ற மாதிரி இருந்தா அதையும் வெளி ஐடிக்கு மாத்திடுங்க.